மேக் மினிக்குக் கெடு வைப்பது எப்படி

கார்த்திகை கடைசி நாள், 2025 டிசம்பர் 15, திங்கட்கிழமை. மதுரையில் ஒரு கடையில் எம்4 மேக் மினிக்கு, அதாவது எம்4 சிப் வைத்த ஆப்பிளின் சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டருக்கு, பணம் கட்டிக்கொண்டிருந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. "அக்கா, எம்5 சிப்பு வந்து இன்னையோட சரியா ரெண்டு மாசம். மினிலயும் வந்துரும். யோசிச்சுக்கோங்க" என்றான். விற்கிறவனே இப்படிச் சொல்வது அபூர்வம். "தெரியும் தம்பி, என் கெடு இன்னையோட முடியுது" என்று சொல்லிவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினேன்.

நானும் வீட்டுக்காரரும் கல்யாண வீடியோ தொழில். கேமரா அவருடையது, மாடி அறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது நான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்துவிட்டால் மூச்சு விட நேரம் கிடையாது. நடுவில் இருக்கும் இந்த ஒரு மாதத்தில்தான் அறையைக் கலைத்து, மிஷினை மாற்றி, பழைய வேலைகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்ற முடியும். ஆனால் மார்கழியில் புதுப்பொருள் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என் மாமியாரின் சட்டம். எனவே கார்த்திகை முடிவதற்குள் வாங்கிவிடுவது, மார்கழியில் பிரித்துப் பூட்டுவது என்று சமாதானம் செய்துகொண்டோம்.

"புது மாடல் வரப்போகுதாமே, இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். நான் ஒன்றும் கம்ப்யூட்டர் நிபுணி இல்லை. மூன்றாவது மேக் மினி வாங்கியிருக்கிறேன், முதலாவதைத் தப்பாக வாங்கினேன், அவ்வளவுதான். அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2016-இல் எங்களிடம் ஊரிலேயே கோத்துக்கொடுத்த ஒரு விண்டோஸ் மிஷின் இருந்தது. மேக் மினி வாங்க வேண்டும் என்று ஆசை. அப்போது கடையில் இருந்தது 2014 அக்டோபரில் வந்த மாடல். "ரெண்டு வருஷம் ஆச்சு, புதுசு வரத்தான் போகுது" என்று பொறுத்தேன். 2017 வந்தது, மினி வரவில்லை. அந்த அக்டோபரில் ஒரு வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலுக்கு ஆப்பிள் தலைமை நிர்வாகி டிம் குக்கே பதில் போட்டார்: விவரம் சொல்லும் நேரம் இது இல்லை, ஆனால் மினி எங்கள் வரிசையில் முக்கியமான இடத்தில் இருக்கும் என்கிற மாதிரி. அதைப் படித்து இன்னும் பத்து மாதம் பொறுத்தேன். 2018 ஆவணியில், கையில் ஐந்து கல்யாணம் பாக்கி இருக்கும்போது, பழைய மிஷினின் மதர்போர்டு போய்விட்டது. வேறு வழியில்லாமல் அதே 2014 மாடலை ஓடிப்போய் வாங்கினேன். அக்டோபர் 30 இரவு ஆப்பிள் புது மினியை அறிவித்தது.

இரண்டு வருடம் காத்திருந்து பழைய மாடலையே வாங்கியவள் நான். சீக்கிரம் வாங்கியிருந்தால் இரண்டு வருட உழைப்பாவது மிச்சம். இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் புதுசாவது கையில் இருக்கும். ஒன்றுமே கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம், நான் காத்திருந்தேனே தவிர, எதுவரைக்கும் என்று ஒரு நாளைக் குறிக்கவில்லை.

முதலில் சுவரில் இருக்கும் காலண்டர்

ஆப்பிள் எப்போது வெளியிடும் என்று தேடுவதற்கு முன் உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரை எடுங்கள். மிஷின் நான்கு நாள் படுத்துக் கிடந்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள் என்கிற நாட்கள் உங்கள் தொழிலில் எவை? எனக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி. கல்லூரிப் பிள்ளைக்குச் செமஸ்டர் விடுமுறை. பள்ளிப் புத்தகம் லே-அவுட் செய்கிறவருக்கு ஜூன் தாண்டிய பிறகு. மிஷின் மாற்றுவதென்றால் அந்த நாட்களில்தான் மாற்ற முடியும். மற்ற நாட்களில் எவ்வளவு நல்ல மாடல் வந்தாலும் பெட்டி பிரிக்கப்படாமல் மூலையில் இருக்கும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. ஆப்பிள் பல தடவை அக்டோபர் கடைசியில் மேக்குகளை அறிவித்திருக்கிறது. அது ஐப்பசி, எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரம். அறிவிப்பு வந்த இரவு எனக்குப் பதற்றமே வராது, எப்படியும் மார்கழியில்தான் மாற்றப்போகிறேன். அதற்குள் ஆறேழு வாரம் ஓடிவிடும். முதலில் வாங்கியவர்கள் குறைகளைக் கண்டுபிடித்திருப்பார்கள், முதல் மென்பொருள் திருத்தமும் வந்திருக்கும்.

ஆக, நாள் குறிப்பது இப்படி: உங்கள் ஓய்வுக் காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள்தான் கெடு. அதுவரை வரவில்லை என்றால், கடையில் இருப்பதை வாங்கலாம், அல்லது அடுத்த ஓய்வுக் காலம்வரை அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கலாம். "இன்னும் பதினைந்து நாள் பார்ப்போமே" என்பது மட்டும் கூடாது. கூடவே ஒரு விலக்கு: இருக்கும் மிஷின் இடையில் செத்துவிட்டால் கெடு ரத்து. அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதோ அதை வாங்கி வேலையை முடியுங்கள், மறுநாள் என்ன அறிவிப்பு வந்தாலும் பார்க்காதீர்கள். இந்தக் கணக்குப்படி என் தப்பு 2018 ஆவணியில் ஓடிப்போய் வாங்கியது இல்லை, 2016-இல் நாள் குறிக்காதது.

வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் வருடம் பாதிதான், 20 சதவீதம். அதாவது அக்டோபர் பிறந்ததுமே வாங்கிப் பூட்டியவருக்கு முழுசு, எனக்குப் பாதி. மிச்சம் அடுத்த வருடங்களில் வரும், போய்விடாது. இதற்காக அவசரப்பட வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வரவில் குறிப்பிட்ட பங்கை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆப்பிளின் காலண்டரைப் படிப்பது

மேக் மினி 2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் கையால் 499 டாலருக்கு வந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் நீங்களே கொண்டுவாருங்கள் என்பதுதான் அதன் யோசனை. 2014-க்குப் பிறகு நான்கு வருட இடைவெளி. 2018-க்குப் பிறகு இரண்டு வருடம். 2020 நவம்பர் 10-இல் எம்1 வந்தது. அடுத்தது இருபத்தாறு மாதம். 2023 ஜனவரி 17-இல் எம்2, அன்றைக்குக் காணும் பொங்கல். அதற்கடுத்தது இருபத்தொரு மாதம். 2024 அக்டோபர் 29-இல் எம்4, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். இந்த எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தால் ஏதோ ஒரு விடை வரும், உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. 2016-இல் நான் பார்த்தது சராசரியைத்தான்.

அதைவிட உருப்படியான கணக்கு, சிப் முதலில் எதில் வந்தது, மினிக்கு எத்தனை மாதம் கழித்து வந்தது என்பது. எம்1 மினிக்கு முதல் நாளே கிடைத்தது. எம்2 சிப் 2022 ஜூனில் அறிமுகமானது, மினி ஏழு மாதம் பின்னால். எம்4 சிப் 2024 மே மாதம் ஐபேட் ப்ரோ டேப்லெட்டில் வந்தது, மினி ஐந்தரை மாதம் பின்னால். எம்3? மினிக்கு அது வரவே இல்லை. அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஆப்பிளின் இன்னொரு கம்ப்யூட்டரான ஐமேக்கும் இப்படித்தான் எம்1-இலிருந்து நேராக எம்3-க்குத் தாவியது. "அடுத்த நம்பர் நிச்சயம் வரும்" என்று இருப்பவர்கள் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

எம்5 2025 அக்டோபர் 15-இல் 14 அங்குல மேக்புக் ப்ரோ மடிக்கணினியிலும் ஐபேட் ப்ரோவிலும் தலையில் மாட்டும் விஷன் ப்ரோவிலும் வந்தது. பழைய இடைவெளியை வைத்துப் பார்த்தால் மினிக்கு 2026 பங்குனி, சித்திரை ஆகும் என்று அப்போது தோன்றியது. இது என் மனக்கணக்கு, செய்தி இல்லை. ஆனாலும் கார்த்திகைக்குள் வரும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வந்தாலும் பங்குனி சித்திரையில் என்னால் மாற்ற முடியாது, ஆடிவரை பெட்டிக்குள்தான். எனவே எனக்கு முன்னால் இருந்த கேள்வி எம்4-ஆ, எம்5-ஆ என்பதே இல்லை. தை, மாசி, வைகாசி முகூர்த்தங்களைப் பழைய எம்1-இல் ஓட்டுவதா, எம்4-இல் ஓட்டுவதா என்பதுதான்.

கம்பெனிகள் ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை என்று என் அண்ணன் மகன் கேட்பான். அதற்கு ஒரு பழைய கதை உண்டு, கதாநாயகன் கிட்டத்தட்ட நம் ஊர்க்காரர். ஆடம் ஆஸ்போர்ன் திருவண்ணாமலையில் வளர்ந்த ஆங்கிலேயர். அவருடைய அப்பா ரமணரின் பக்தர். 1981-இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்று தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு கம்ப்யூட்டரை, பதினோரு கிலோ எடையில், 1,795 டாலருக்கு விற்றார். சக்கைப்போடு போட்டது. பிறகு வரப்போகும் மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசினார் என்றும், அதைக் கேட்டவர்கள் இருப்பதை வாங்காமல் நிறுத்திக்கொண்டார்கள் என்றும், 1983-இல் கம்பெனி திவாலானது என்றும் சொல்வார்கள். திவாலானது உண்மை, காரணம் அது ஒன்றுதானா என்பதில் வாதம் உண்டு. எப்படியோ அந்தத் தவறுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கடைசிக் காலத்தில் கொடைக்கானலுக்கே திரும்பி வந்து 2003-இல் அங்கே இறந்தார். எந்தக் கம்பெனியும் வாய் திறக்காததற்கு அவர் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியை நம்பலாம்

2024-இல் ஆப்பிள் அதிகாரபூர்வமாக வாய் திறந்தது நான்கு நாள் முன்புதான். அக்டோபர் 24-இல் அதன் மார்க்கெட்டிங் தலைவர் கிரெக் ஜோஸ்வியாக், திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் அறிவிப்புகள் இருக்கும் என்று குறும்பாக ஒரு பதிவு போட்டார். அதற்கு முன்னால் வருவதெல்லாம் கசிவுதான். கசிவு எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. மினி ரொம்பச் சின்னதாகப் போகிறது என்று ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் மார்க் குர்மன் அந்த ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார். ஆனால் கிட்டத்தட்ட ஆப்பிள் டிவி பெட்டி அளவு என்றார், வந்தது 12.7 சென்டிமீட்டர் சதுரம், அதைவிடப் பெரியது. என் அனுபவத்தில், "வருகிறது" என்பது பெரும்பாலும் பலிக்கும். அளவும் நிறமும் கொஞ்சம் பிசகும். தேதி சொன்னால் மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள்.

நீங்களே பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. ஆப்பிளின் இணையக் கடையில் ரேம் கூட்டி ஆர்டர் போடுவதுபோல் கடைசிப் பக்கம்வரை போய்ப் பாருங்கள், பணம் கட்ட வேண்டாம். வழக்கமாக ஓரிரு வாரத்தில் தருகிறேன் என்பது நான்கு, ஐந்து வாரம் என்று நீண்டால், அந்த மாடலைச் செய்வதை மெதுவாக நிறுத்துகிறார்கள் என்று ஊகிக்கலாம். உறுதி இல்லை, உதிரிப்பாகத் தட்டுப்பாடாகவும் இருக்கலாம். ரஷ்யா, கஜகஸ்தான் முதலிய நாடுகள் சேர்ந்த யூரேசியக் கூட்டமைப்பில், தகவலைப் பூட்டி வைக்கும் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) உள்ள கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் புது மாடல் எண்கள் முன்கூட்டியே தலைகாட்டியது பல முறை நடந்திருக்கிறது. கடைக்காரர் டெமோ பீஸை விற்கத் துடித்தால் அதுவும் ஓர் அறிகுறி. ஆனால் தீபாவளிக்கு எல்லோருமே துடிப்பார்கள்.

தீபாவளித் தள்ளுபடிக்கு வருகிறேன். என் சித்தி மகன் 2024 அக்டோபர் முதல் வாரத்தில் தள்ளுபடியில் எம்2 மினி வாங்கினான். எட்டு ஜிபி ரேம். "எவ்ளோ சீப் பாத்தியா" என்று எனக்குப் படம் அனுப்பினான். மூன்று வாரத்தில் எம்4 வந்தது: பட்டியல் விலை அதே 59,900 ரூபாய், ரேம் பதினாறு ஜிபி. அவனுக்கு விலையில் கிடைத்த லாபத்தைவிடத் தவறவிட்ட எட்டு ஜிபி பெரிது, ஏனென்றால் மேக்கில் பிறகு ரேம் கூட்ட முடியாது. பழைய மாடலுக்குத் திடீரென்று பெரிய தள்ளுபடி வந்தால், ஏன் என்று ஒரு நாள் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் மாதத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஜூனிலும் ஆப்பிள், மேக்கை இயக்கும் மென்பொருளான மேக்ஓஎஸ்ஸின் அடுத்த பதிப்பு எந்தெந்த மிஷினில் ஓடும் என்ற பட்டியலை வெளியிடும். வதந்தியே கிடையாது, எழுத்தில் இருக்கும். 2025 ஜூன் பட்டியலில் 2018 மினி இல்லை, எம் வரிசைக்கு முன் மேக்கில் இருந்த இன்டெல் சிப்புக்கு அதுதான் கடைசிப் பதிப்பு என்றும் சொல்லிவிட்டார்கள். புது மேக்ஓஎஸ் கிடைக்கும் காலத்தை மாடல் வெளிவந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. நான் 2018-இல் வாங்கிய 2014 மாடலுக்கு 2022-லேயே புதுப் பதிப்பு நின்றுபோனது. அதையே வந்த வருடம் வாங்கியவருக்கு எட்டு வருடம், எனக்கு நான்கு. கழிவு விலையில் பழைய மாடல் வாங்குகிறவர்கள் இந்தக் கழித்தலைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

பொறுப்பதற்கும் விலை உண்டு

வேலை நாள் ஒன்றில், எப்போதும் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொண்டு மேக்கோடு வரும் ஆக்டிவிட்டி மானிட்டர் செயலியில், ரேம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் மெமரி பிரஷர் படத்தைப் பாருங்கள். நாள் முழுக்கப் பச்சையாக இருந்தால் நிம்மதியாகப் பொறுக்கலாம். மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் நீங்கள் காத்திருப்பது அடுத்த மாடலுக்கு இல்லை, இந்த மிஷினுக்கு.

என்னுடையது எட்டு ஜிபி எம்1. 2021-இல் வாங்கியபோது பொக்கிஷம். 2014 மினியில் ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய 4கே கிளிப்பைப் போட்டால் படம் தவணை முறையில் நகரும். எம்1-இல் வழுக்கிக்கொண்டு ஓடியது. இப்போது இரண்டு கேமரா, ட்ரோன், அதோடு இருட்டு மண்டபத்தில் எடுத்ததற்கு படத்தில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸைக் குறைப்பது என்று சேர்ந்தபின் மெமரி பிரஷர் படம் எப்போதும் மஞ்சள். ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்கு ஆறு மணி நேரம் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தை, மாசிக்கு மட்டும் பதினான்கு கல்யாணம் பேசியிருக்கிறது. எண்பத்து நான்கு மணி நேரம், பத்து நாள் வேலை. நெருக்கடியில் வெளியே எடிட்டர் வைத்தால் நாளுக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறேன். ஆடிவரை பொறுப்பதற்கு இரண்டே மாதத்தில் 12,000 ரூபாய் ஆகிறது. எம்5-இல் எனக்கு என்ன கிடைக்கும்? எம்4-இன் நினைவக வேகம் நொடிக்கு 120 ஜிபி, எம்5-இல் 153. சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்களின் எண்ணிக்கை அதே பத்து. என் எம்1-இல் அந்த வேகம் 68தான். எம்1-இலிருந்து வருகிற எனக்கு எம்4-ஏ பெரிய தாவல். செயற்கை நுண்ணறிவு வேலைகளைச் சொந்த மிஷினிலேயே ஓட்டுகிறவர்கள் வேண்டுமானால் எம்5-க்குப் பொறுக்கட்டும், அதில் அந்த வேலைக்கென்றே மாற்றம் செய்திருக்கிறார்கள்.

"பொறுத்தால் விலை குறையும்" என்ற பழைய நம்பிக்கையும் 2025-இல் ஆட்டம் கண்டது. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிவிட்டது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் மெமரி சிப் செய்யும் மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறைக் கடைகளில் விற்கும் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அதே வாரம் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. எம்4 வந்தபோது 84 சொச்சம். விற்பனையில் இருக்கும் மாடலின் ரூபாய் விலையை ஆப்பிள் அடிக்கடி தொடுவதில்லை, புது மாடலுக்குத்தான் புது விலை போடும். அடுத்த மினி அதே 599 டாலருக்கு வந்தாலும் 59,900 ரூபாயிலேயே நிற்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி குறைப்பிலும் நமக்கு ஒன்றும் இல்லை. பெரிய டிவிக்கு 28 சதவீதம் போய் 18 ஆனது, கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்தே 18தான்.

ஜிஎஸ்டி எண் உள்ளவர்கள் பில்லை நிறுவனத்தின் பெயரில், எண்ணோடு கேட்டு வாங்குங்கள். 59,900-இல் 9,137 ரூபாய் வரி. உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த தொகைக்குத் தேய்மானம் காட்டக் கூடாது. கடைசி நேரத்தில் சொந்தப் பெயரில் பில் போட்டுவிட்டு மாற்றித் தரச் சொல்லி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த அமைப்பு வாங்குவது என்பதில் நான் அதிகம் பேச மாட்டேன். உள்ளே 256 ஜிபி சேமிப்பிடம் போதும், பெரிய எஸ்எஸ்டி டிஸ்கை வெளியே மாட்டிக்கொள்ளலாம். நான் வாங்கியபோது 512-க்கு ஆப்பிள் கேட்டது 20,000 ரூபாய் கூடுதல். கையில் பணம் மிஞ்சினால் ரேமுக்குக் கொடுங்கள்.

அறிவிப்பு வந்த இரவு

புது மாடல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இந்திய நேரம் மாலையிலோ இரவிலோ செய்தி வரும். எல்லோரும் என்ன கூடியிருக்கிறது என்று படிப்பார்கள். நீங்கள் என்ன போயிருக்கிறது என்று படியுங்கள். 2014 மாடல் வந்தபோது நான்கு கோர் போய் இரண்டு கோர் மட்டும் ஆனது, ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டது. நிறைய கோர் கேட்கும் வேலைகளில் 2012-இன் நான்கு கோர் மினி புதுசை முந்தியது. 2018-இல் எஸ்டி கார்டு துளை போனது. 2023-இன் எம்2-இல் 256 ஜிபி எஸ்எஸ்டி, எம்1-இல் இருந்ததைவிட மெதுவாக இருந்தது. இரண்டு சிப்புக்குப் பதில் ஒன்று வைத்திருந்தார்கள். இது விளம்பரத்தில் வராது, வாங்கியவர்கள் சோதித்துத்தான் தெரிந்தது. 2024-இல் பழைய அகல யுஎஸ்பி துளைகள் மொத்தமாகப் போயின, பவர் பட்டன் அடிப்பக்கத்துக்குப் போனது.

அதனால் முதல் இரவில் ஆர்டர் போடாதீர்கள். இரண்டு வாரம் பொறுங்கள், இது கெடுவுக்குள் அடங்கும் பொறுமை. சீல் உடைத்தபின் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு, எழுதியும் வாங்குங்கள். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்.

பழையதை விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அவசரம் வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாள் காலையிலேயே பழைய மாடலின் விலை இறங்கும்.

பெட்டியைப் பிரித்த பிறகு

பாதி முடிந்த வேலையைப் புது மிஷினுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட்டின் புதுப் பதிப்பில், வேலை சேமித்திருக்கும் லைப்ரரியைத் திறந்தால் அது புது வடிவத்துக்கு மாறிவிடும், பழைய பதிப்பு பிறகு அதைத் திறக்காது. கார்த்திகைக் கல்யாணம் மூன்றை எம்1-லேயே முடித்துக் கொடுத்தபின்தான் எம்4-ஐ மேசையில் வைத்தேன். இன்னொன்று, புது மேக்கில் அது வெளிவந்தபோது இருந்ததைவிடப் பழைய மேக்ஓஎஸ் ஏறாது. உங்கள் ப்ளக்-இன் எனும் துணை மென்பொருள், பிரின்டர், மென்பொருளைத் திறக்கும் டாங்கிள் எல்லாம் புதுப் பதிப்பில் ஓடுகிறதா என்று வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். நான் பயந்தது தமிழ் எழுத்துருவுக்கு. "திருமண வரவேற்பு" என்று போட்ட பழைய டைட்டில் எல்லாம் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தன. அவற்றில் நான்கைத் திறந்து பார்த்தேன். எழுத்துரு ஏறியிருந்தால் ஒழுங்காக வருகிறது, மறந்துவிட்டால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது. எழுத்துருக் கோப்புறையைத் தனியாக நகல் எடுத்து வையுங்கள்.

மைக்ரேஷன் அசிஸ்டன்ட் என்று ஒன்று பழையதை அப்படியே புதுசுக்கு மாற்றித் தரும். கடிதம், படம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது போதும். ஐந்து வருடக் குப்பை சேர்த்த நான் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன், இரண்டரை நாள் ஆனது. யுஎஸ்பி ஹப் வாங்கும்போது தனி அடாப்டரோடு வருவதை வாங்குங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், கார்டு ரீடர், கீபோர்டு என்று மாட்டியபின் ஒரு மலிவான ஹப் சூடேறிப்போய், பேக்கப் ஓடும்போதே டிஸ்கைக் கழற்றிவிட்டது எனக்கு.

பழைய மிஷினை உடனே துடைக்காதீர்கள். மேக்கின் டைம் மெஷின் பேக்கப் இருந்தாலும், ஒரு முழுக் கல்யாணத்தைப் புதியதில் ஆரம்பம் முதல் பென்டிரைவ்வரை முடித்த பிறகுதான், தொலைந்த மிஷினைத் தேடித்தரும் ஃபைண்ட் மை-யை அணைத்து, செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஃபைண்ட் மை-யை அணைக்காமல் கைமாற்றினால் வாங்கியவருக்கு அது பூட்டிய பெட்டி.

என் எம்1 அண்ணன் மகனுக்கு, ஆல்பம் டிசைனுக்கு. தினமும் போன் செய்து "அத்தை, எப்ப தருவீங்க?" என்கிறான். தை மாத முதல் முகூர்த்த வீடியோவைக் கொடுத்து முடித்த மறுநாள் என்று அவனுக்கும் ஒரு கெடு சொல்லியிருக்கிறேன்.